பதுளையிலிருந்து கடலுக்குப் பேர் போட்டோம்

கொமினிகேஷன் என்ற டெலிபோன் கடை நடத்துகிறவளுக்குத் தலைவலி என்று தனியாக ஒன்று தேவையில்லை. ஊரார் தலைவலியே கடை மூடும்வரை தாராளமாகப் போதும்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். பதுளை பஜாரில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என் கடை இருந்தது. இரண்டு டெலிபோன் கூண்டு, ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு ஃபேக்ஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. இன்டர்நெட் டெலிபோன் லைனில்தான் வரும். கூண்டுக்குள் ஒருவர் ரிசீவரைத் தூக்கினால் இங்கே இன்டர்நெட் செத்துப்போகும். அவர் பேசி முடித்து, நாம் மறுபடி டயல் செய்து, அந்த மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை வாடிக்கையாளர் நம்மைத்தான் முறைத்துப் பார்ப்பார். அந்தக் காலத்தில் நெட் கடை வைத்திருந்த அத்தனை பேரும் என் உறவுக்காரர்கள்.

கடை வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. எந்தக் கடலுக்குப் போவதானாலும் அரை நாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அப்படியிருந்தும் என் கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்க்கப்பட்டது கடல்தான். பார்த்தவர்கள் யார் யார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இருக்கிறதக் காட்டுங்க

சுனாமிப் பேரலை வந்து போன அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிலோமினா அக்கா கடைக்குள் வந்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கோயிலில் பார்த்துப் பழகிய முகம். கோபக்காரி என்று தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கப் பெயரெடுத்தவர். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா, கார்மெண்ட்ஸில் வேலைக்குப் போன இடத்தில் சிநேகிதியின் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பெயர் யோசேப்பு. பொத்துவிலுக்கு வடக்கே ஒரு கரையில் மீன்பிடிக்கிறவன். பேரலையில் படகைப் பறிகொடுத்துவிட்டு, நிவாரணத்தில் கிடைத்த புதுப் படகில் மறுபடியும் அதே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். பிலோமினா அக்கா கடலை நேரில் கண்டதில்லை. டீவியில் அந்த ஒரு நாள் கண்டதுதான். மருமகன் கடலுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தாலே தேயிலை மலையில் கை ஓட மாட்டேன் என்கிறது என்றார். கம்ப்யூட்டரில் கடலைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நானும் அதுவரை பார்த்ததில்லை. தேடியதில் வெளிநாட்டுத் தளம் ஒன்று அகப்பட்டது. இலங்கையைச் சுற்றி அலை எங்கே எவ்வளவு எழும்பும் என்று ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே நிறம் பூசிக் காட்டியது. படம் மேலேயிருந்து கீழே நூல் நூலாக இறங்கியது. பருத்தித்துறை வந்தது, திருகோணமலை வந்தது, மட்டக்களப்பு வரப் பார்த்தபோது கூண்டுக்குள் ஒருவர் ரிசீவரைத் தூக்கினார். எல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. ஒரு வழியாகப் பொத்துவில் இறங்கியதும் அக்கா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு தேடினார். அலை மட்டும்தான் தெரியும் அக்கா, ஆள் தெரியாது என்றேன். நிமிர்ந்து, ஏதோ நான்தான் ஆளை ஒளித்து வைத்திருப்பதைப் போலப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய கடலக் காட்டுறான், அதுல நிக்கிற ஒரு மனுசனக் காட்ட மாட்டேங்கிறான். சரி, இருக்கிறதக் காட்டுங்க."

முழுப்பேரும் அரைப்பேரும்

பார்த்தால் போதுமா, மகளுக்குச் சொல்ல வேண்டாமா? அந்தக் கரையில் ஒரு பலசரக்குக் கடையில் மட்டும் போன் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா இங்கே வருவார், ஸ்டெல்லா அங்கே காத்து நிற்பாள். நான் படத்தைப் பார்த்து, அலை ஒன்றரை மீற்றர், காற்று தெற்கிலிருந்து, அலைக்கும் அலைக்கும் இடையில் இத்தனை விநாடி என்று வாசிப்பேன். அக்கா அதைப் போனில் திருப்பிச் சொல்வதற்குள் மீற்றர் விநாடியாகும், விநாடி காற்றாகும். அங்கே ஸ்டெல்லா குழம்புவாள், இங்கே அக்காவுக்குக் கோபம் வரும்.

மூன்றாவது வாரம் அக்கா என்னை வாசிக்கவே விடவில்லை. நிறங்களை மட்டும் காட்டச் சொன்னார். தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவேட்டில் முழுப்பேர் விழும். பாதி நாள் என்றால் அரைப்பேர். வேலை இல்லாத நாளில் பேர் இல்லை. ஆயுள் முழுக்க அந்தக் கணக்கில் வாழ்ந்தவர், கடலையும் அதில் பிடித்துப் போட்டார். நீலமும் பச்சையும் என்றால் முழுப்பேர். மஞ்சள் என்றால் அரைப்பேர். கிட்டத்தில் வலை போட்டுவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். சிவப்பு என்றால் பேர் இல்லை. ஏழு நாளைக்கும் ஏழு சொல், போன் காசும் மிச்சம்.  படித்தவர்கள் கூடிப் பேசினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் யோசேப்பு போனை வாங்கி, பேர் என்றால் என்ன, யாருடைய பேர் என்று கேட்டிருக்கிறான்.

"யாரு பேரும் இல்ல, ஓம் பேருதான். நாந்தான் போடுறேன். பேர் இல்லாத அன்னைக்குப் படகுல கால வச்சே, மகள வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

சின்னத் தொரையின் அலை

பிலோமினா அக்காவின் டிவிஷனுக்கு ஒரு சின்னத் தொரை, அதாவது உதவி மேனேஜர், இருந்தார். சிங்களவர், இளம் வயது, தோட்டத்துக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழை அப்படியே லயத்துச் சுருதியில் பேசுவார். அவருக்குப் பலகையில் ஏறி அலைமேல் சறுக்குகிற பைத்தியம் உண்டு. லீவு கிடைத்தால் அறுகம்பைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்துவிடுவார். அவரும் என் கடைக்கு வந்து அதே படத்தைத்தான் பார்ப்பார். ஆனால் அவருக்கு வேண்டியது சிவப்பு. நீலமாக இருந்தால் முகம் தொங்கிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும், தங்கியிருக்கும் விடுதியிலிருந்து எனக்குப் போன் எடுத்து, இன்னும் சிவப்பு வரவில்லையா என்று கேட்கிற அளவுக்கு முற்றிய பைத்தியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் தொரை முன்னால் நிற்க, அக்கா வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கேட்க வேண்டும். என் கடையில் அக்கா ஒரு அடி முந்திவிட்டதால் நாற்காலியில் அவர் இருக்க, தொரை பின்னால் நின்றார். அக்கா பதறி எழும்பப் போனார். தொரை வேண்டாமென்று கையைக் காட்டினார். படம் இறங்கியது. வியாழக்கிழமையில் கொஞ்சம் மஞ்சள் தலைகாட்டியது. பின்னால் நின்றவர் சந்தோஷத்தில் கை தட்ட, முன்னால் இருந்தவர் நெஞ்சில் சிலுவை போட்டார். ஒரே ஆண்டவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மனுப் போனால் அவர்தான் என்ன செய்வார்? ஸ்டெல்லா அப்போது முழுகாமல் இருந்தாள். தொரைக்கு முன்னால் வாய் திறக்காத அக்கா, அன்றைக்குத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"தொரை கோவிச்சுக்கக் கூடாதுங்க. கேக்குற அலையக் கொஞ்சம் கொறச்சுக் கேளுங்க. அங்க எம் மருமகன் நிக்கிறான்."

லண்டன் மணிக்கூடு

யோகநாதன் மாஸ்டர் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். பருத்தித்துறைக்காரர். கடையில் நடக்கிற கூத்தை ஒரு நாள் எட்டிப் பார்த்தவர், படத்தின் மூலையில் போட்டிருக்கும் நேரம் நம்முடைய நேரம் இல்லை, லண்டன் நேரம் என்று சுட்டிக்காட்டினார். அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளி வைத்த புதிது அது. புது நேரமா பழைய நேரமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இதில் லண்டனும் சேர்ந்தால் கடல் எத்தனை மணிக்குக் கொந்தளிக்கும் என்று யார் சொல்வது? மாஸ்டர் தன் வீட்டிலிருந்து ஒரு சுவர் மணிக்கூட்டைக் கொண்டுவந்து, லண்டன் நேரத்துக்கு வைத்து, எங்கள் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, கீழே ஒரு மட்டையில் 'லண்டன்' என்று அழகாக எழுதியும் ஒட்டினார்.

பதுளை பஜாரில் லண்டன் நேரம் காட்டிய ஒரே கடை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினா அக்கா இரண்டு மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அலையின் நேரமெல்லாம் லண்டன் கணக்கில்தான் வரும் என்று விளக்கினேன்.

"தோட்டத்த விட்டுட்டுப் போன வெள்ளக்காரன், கடல மட்டும் இன்னும் அவன் மணிக்குத்தான் பெரட்டுக்குக் கூப்புடுறானா?"

வீட்டுக்குப் பின்னால்

மணிக்கூடு மாட்டியதோடு மாஸ்டர் போய்விடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, வடக்குக் கடலைக் காட்டும்படி கேட்பார். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடியிருந்த காலம் அது. வீட்டுக்குப் போக அவருக்கு வழியில்லை. போனும் நினைத்தபோது கிடைக்காது. அம்மா அங்கே தனியாக இருந்தார். வீடு கடலை ஒட்டியது. மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கி, கரையைக் காட்டும் கறுப்புக் கோட்டின் உச்சியில் ஓர் இடத்தில் விரலை வைத்து, அங்கே அலை எத்தனை மீற்றர், காற்று எந்தப் பக்கம் என்று தானே வாசித்துக்கொள்வார்.

அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் கூண்டுக்குள் யாரையும் விடமாட்டேன். போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்களும் சத்தம் போடாமல் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. ஒரு நாள் கேட்டேன், இந்த எண்களில் என்ன சேர் இருக்கிறது என்று.

"இருக்குப் பிள்ளை. அரை மீற்றர்தான் அலை, காத்தும் இல்லை. உப்புத் தூவானம் வீட்டுப் பக்கம் வராது. அம்மா இண்டைக்கு உடுப்பெல்லாம் தோய்ச்சுக் கொடியிலை போட்டிருப்பா."

லுணுகலைக்கு மீன்

லுணுகலைச் சந்தையில் மீன் கடை வைத்திருந்த சந்தனம் அண்ணனுக்கும் இந்தச் செய்தி எட்டிவிட்டது. அவருக்குக் கல்முனைப் பக்கமிருந்து லொறியில் மீன் வரும். தினமும் காலையில் போன் எடுத்து, "பேர் உண்டா இல்லியா?" என்று ஒரே கேள்வி. முழுப்பேர் என்றால் லொறிக்குச் சொல்லுவார். பேர் இல்லை என்றால் உடனே பிபிலைப் பக்கம் ஆள் அனுப்பிக் குளத்து மீனுக்கு ஏற்பாடு செய்துவிடுவார். கடல் எப்படிக் கொந்தளித்தாலும் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்துச் சனம் வெறும் பையோடு திரும்பியதில்லை. அந்தத் திறமையை நான் மெச்சத்தான் வேண்டும்.

ஒரே ஒரு குறை. ஒரு கலியாண வீட்டுக்காக லுணுகலைக்குப் போனவள் அவர் கடையில் எட்டிப் பார்த்தேன். மீன் நிறைந்து கிடக்கிறது, விலையோ மலையேறி நிற்கிறது. இதெல்லாம் நேற்றைய மீனாயிற்றே, கடல் மோசமாவது நாளைக்குத்தானே, இன்றைக்கே ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். தராசைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கடல் கொந்தளிக்கப் போறது இந்தச் சனத்துக்கு வேற எப்படித் தங்கச்சி தெரியும்? ஒங்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, எங்கிட்ட வெலப் பலகை இருக்கு."

காற்றில்லாத சிவப்பு

 ஸ்டெல்லாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து பிலோமினா அக்கா கடைக்கு வந்தார். படம் இறங்கியது. பொத்துவிலுக்கு முன்னால், மறுநாளைக்கு, ஒரு துளி மஞ்சள்கூட இல்லாமல் சுத்தச் சிவப்பு. ஆனால் காற்றுக் காட்டும் அம்புகளைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தளத்தில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, இது தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, காற்றில்லாமலேயே வந்து சேரும், கரையில் நிற்கிறவர்களுக்கு வரும்வரை ஒன்றும் தெரியாது என்றார். பிலோமினா அக்கா கூண்டுக்குள் ஓடினார்.

அந்தக் கரையின் லைன் செத்துக் கிடந்தது. மறுபடி மறுபடி எடுத்தோம். லுணுகலைச் சந்தனம் அண்ணனைப் பிடித்தால், லொறி இனித் திங்கட்கிழமைதான் என்றார். பொத்துவில் பஸ்ஸும் போய்விட்டது. விடியுமுன் யோசேப்பு படகை இறக்கிவிடுவான். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபக்காரியின் முகத்தில் கோபம் இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை நான் ஃபேக்ஸோடு மல்லுக்கட்டிய நேரத்தில் தானே படத்தைப் பார்த்துவிட்டு, துள்ளிக் குதித்துக்கொண்டு ஒருவர் அறுகம்பைக்குப் போயிருக்கிறாரே! விடுதி நம்பர் என்னிடம் இருந்தது. அந்த லைன் உயிரோடு இருந்தது. தொரை போனுக்கு வந்ததும் ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். தரையில் இருந்தவர் எழுந்து, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராக நின்றார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு தொரையுடன் போனில் பேசினார். "சலாங்க தொரை. நாளைக்கு எங்க கரைக்குப் பேர் இல்லைங்க. நீங்க போயிச் சொல்லிருங்க." சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒரு தொரைக்கு வேலை ஏவியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது: "சரி பிலோமினா. எந்த எடம், யாருகிட்ட சொல்றது?"

பொழுது சாயுமுன் அவர் மோட்டார் சைக்கிளில் அந்தக் கரைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை ஸ்டெல்லா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அரைக்கால் சட்டையோடு மணலில் இறங்கி, பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரட்டுக் குரலில் சொல்லியிருக்கிறார்: "நாளைக்கு இந்தக் கரைக்கு பேர் இல்லே. பிலோமினா சொல்லிச்சு." ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பேர் என்றால் என்னவென்று அதற்குள் கரைக்கே தெரிந்திருந்தது. விடிந்தபோது கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்ததாம். மாமியாருக்குப் பயந்தவன் என்று யோசேப்பைக் கேலி செய்திருக்கிறார்கள். அவன் படகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் போகவில்லை என்று ஒரே பிடி. கேலி செய்தவர்களும் அவனை விட்டுப் போகத் தயங்கி நின்றார்கள். சும்மா நிற்கிற நேரத்தில் படகுகளைத் தென்னை மரத்தடிவரை ஏற்றி வைக்கலாம் என்று தொரை சொல்ல, எல்லாருமாக இழுத்தார்கள். வெயில் ஏறியபோது, ஒரு இலைகூட ஆடாத நேரத்தில், கடல் எழும்பி வந்து படகுகள் வழக்கமாகக் கிடக்கும் இடத்தை நக்கிவிட்டுப் போயிற்று. பிறகு அன்று முழுக்கக் கடலுக்கு அதே வேலை. ஒரு படகும் அலையோடு போகவில்லை, ஒரு ஆளும் போகவில்லை. மாதக் கணக்காகச் சிவப்புக் கேட்ட மனிதர், அது வந்த அன்றைக்குப் பலகையை அவிழ்க்கவேயில்லை.

இது ஒன்றும் இங்கே எங்களுக்குத் தெரியாது. ஞாயிறு முழுக்க அந்த லைனும் கிடைக்கவில்லை, விடுதி லைனும் கிடைக்கவில்லை. பிலோமினா அக்கா கோயிலிலேயே இருந்தார். திங்கட்கிழமை காலையில், வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போயிருக்கிறார். கண் சிவந்து, கையெல்லாம் தோல் உரிந்து சின்னத் தொரை வந்து நின்றார். யாருக்கும் வேலை பிரிக்குமுன், அத்தனை பேர் முன்னாலும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"பிலோமினா, ஒன் மருமகன் கரையில இருக்கு. எல்லாரும் கரையில இருக்கு. இன்னிக்கு ஒனக்கு முழுப்பேர் போட்டாச்சு, நீ வீட்டுக்குப் போ."

மருமகனின் விசாரணை

அடுத்த மாதம் யோசேப்பு ஒரு பொதி கருவாட்டோடு பதுளைக்கு வந்தான். என் கடை அந்த ஒரு பகல் முழுக்க மணத்தது. பேரன் பிறந்த செய்தியை மாமியாருக்கு நேரில் சொல்ல வந்தவன், தன் உயிரைக் காத்த படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றான். நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்தான். நிறம், அம்பு, மீற்றர், லண்டன் மணிக்கூடு எல்லாவற்றையும் விளக்கினேன். வெகுநேரம் பார்த்தான். விளங்கியதா என்று கேட்டேன்.

"ஒண்டும் விளங்கல்ல அக்கா. நான் எங்க இதப் பாத்துப் போகாம இருந்தன்? மாமி போக ஒண்ணாண்டு சொன்னா, நான் போகல்ல. கடல் கோவிச்சா ஒரு நாளையோட முடியும்."

ஞானஸ்நானம்

பேரனின் ஞானஸ்நானத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. கடைக்கு ஒரு நாள் பூட்டுப் போட்டுவிட்டு, பிலோமினா அக்காவோடு விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டேன். பொத்துவில் தாண்டி, தென்னைகளுக்கு நடுவில் கடல் தெரிந்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். படத்தில் பார்த்ததுதானே என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தார்.

கோயிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் கவனித்தேன்: கரையில் அத்தனை படகும் வரிசையாக மணலில் கிடந்தன. கடலோ நல்ல நீலம். விருந்துக்கு வராத வீட்டுப் படகுகளும் அப்படியே. ஏன் ஒருவரும் போகவில்லை என்று பக்கத்தில் இருந்த மீனவர் ஒருவரைக் கேட்டேன். கடலைப் பார்க்க ஆள் இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னால்? அதோடு ஸ்டெல்லாவிடம் இப்போது இன்டர்நெட் வரும் போன் இருந்தது. அந்தப் படம் சின்னதாக அதிலேயே வரும். அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே என்றேன்.

"படம் ஆரும் பாக்கலாம் புள்ள. பேர் போடுற ஆள் மாமிதானே? அவ பதுளைய விட்டு இஞ்ச விருந்துக்கு வந்துட்டா. அங்க பேர் போடுற கந்தோர் பூட்டு, எங்களுக்கும் லீவு."

பிலோமினா அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. பேரனை என் மடியில் போட்டார். ஸ்டெல்லாவின் போனை வாங்கினார். வெயில் கண்ணில் அடித்ததால், திரும்பிக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையால் நிழல் பிடித்து, அந்தத் துளிப் படம் மேலேயிருந்து கீழே இறங்கி முடியும்வரை பொறுமையாகப் பார்த்தார். கரையில் அத்தனை பேரும் சோற்றில் கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் வந்த பெருமையை எந்த மீற்றரில் அளப்பது என்று தெரியவில்லை.

"முழுப்பேருதான். தின்னுட்டு எல்லாரும் எழும்பிப் போங்க, வெட்டியா ஒரு நாளு போகுது."

தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு கடற்கரைக்கே பெரட்டு நடத்திய கடை என்னுடையது. போர்டில் மட்டும், மூடுகிற நாள்வரை, 'இங்கே போட்டோ கொப்பி எடுக்கப்படும்' என்றே இருந்தது.